அஞ்சாவது நாட்ச்

போன மாதம் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு போன் வந்தது. நான் முப்பத்திரண்டு வருஷம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்ற வார்ப்படத் தொழிற்சாலையிலிருந்துதான். பெரிய கிரேனுக்கு டிரைவ் மாட்டுகிறார்களாம், மோட்டாரின் வேகத்தை ஆளும் எலக்ட்ரானிக் பெட்டி. பழைய பேனலுக்கு வரைபடம் காணோம், எந்த ஒயர் எங்கே போகிறது என்று சொல்ல ஆளில்லை, ஒரு நாள் வந்து காட்டிவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையைப் போட்டுக் கேட்டுக்கு வெளியே விட்டவர்களுக்கு இப்போது நான் வேண்டியிருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டிரைவ் மாட்ட வந்திருந்த காண்டிராக்டர் பெயர் இஸ்மாயில். பழவேற்காட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், கையில் லேப்டாப். கிரேன் மேலே இருந்த, மின்சாரத்தைத் தடுத்துச் சூடாகும் ரெசிஸ்டன்ஸ் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே சிரிப்பு.

"இன்னா சார் இது, மேல அடுப்பு கட்டி வெச்சிருந்தீங்களா? டிரைவ் இல்லாம இவ்ளோ பெரிய மோட்டார எப்டி சார் ஸ்பீடு கன்ட்ரோல் பண்ணீங்க?"

"டிரைவ் வர்றதுக்கு முன்னாடி உலகம் ஓடலையா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. ஆனாலும் அவர் நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டார்.

உண்மையில் நாங்கள் பலவிதமாகச் செய்திருக்கிறோம். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு முதலில் சேர்ந்தது ஒரு ரோலிங் மில். அங்கே மோட்டாரின் வேகத்தைத் தண்ணீர்தான் ஆண்டது. ஆள் உயரத் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், அதற்குள் இரும்புத் தகடுகள். தகட்டை இறக்கினால் வேகம் ஏறும், தூக்கினால் வேகம் குறையும். சித்திரை மாதத்தில் தொட்டி கொதிக்கும். அதன்பிறகு இரட்டை வேக மோட்டார்கள். அவற்றில் சுருளின் இணைப்பை மாற்றினால் வேகம் பாதியாகும். இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. படிப்படியாக இருக்கும் புல்லியில் பெல்ட்டை மாற்றிப் போட்டு வேகம் மாற்றியதும் உண்டு. அந்த வருஷங்களைப் பற்றி இவ்வளவு போதும். சொல்ல வந்தது வேறு.

இந்தக் கிரேனின் மோட்டார் ஸ்லிப் ரிங் மோட்டார். சாதாரண மோட்டாரில் சுழலும் பகுதிக்குள் நாம் கை வைக்க முடியாது. இதில் மூன்று வளையங்கள் வழியாக அதன் கம்பிச் சுருளின் முனைகளை வெளியே கொண்டுவந்து, ரெசிஸ்டன்ஸ் பெட்டிகளோடு சேர்த்திருப்பார்கள். ஆபரேட்டர் கையில் ஒரு லீவர். அதில் ஐந்து படி. படி என்று யாரும் சொன்னதில்லை, நாட்ச் என்றுதான் சொல்வோம். ஒன்றாவது நாட்ச்சில் ரெசிஸ்டன்ஸ் முழுவதும் உள்ளே இருக்கும். லீவரைத் தள்ளத் தள்ள, பேனலில் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சுகள் ஒவ்வொன்றாக டமார் டமார் என்று மூடி, ஒவ்வொரு பங்கு ரெசிஸ்டன்ஸாக வெட்டிவிடும். ஐந்தாவது நாட்ச்சில் கடைசிக் கான்டாக்டர் மூடினால் மோட்டார் முழு வேகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுமையைத் தூக்கும்போது மோட்டார் பாரத்தை இழுக்கிறது. ரெசிஸ்டன்ஸ் உள்ளே இருந்தால் மெதுவாகப் போகும். இறக்கும்போது நடப்பது தலைகீழ். பாரம் மோட்டாரை இழுக்கிறது, மோட்டார் பிடித்துக்கொள்கிறது. அப்போது ரெசிஸ்டன்ஸ் உள்ளே இருந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கனமான சுமையை ஒன்றாவது நாட்ச்சில் இறக்கினால் அது மெதுவாக வராது, ஓடி வரும். அதனால் இறக்கும்போது சரசரவென்று ஐந்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஏறும்போது எது மெதுவோ, இறங்கும்போது அதுதான் வேகம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் எலக்ட்ரிகல் இன்ஜினியர். எல்லோரும் நாயுடு சார் என்போம். நெல்லூர்ப் பக்கத்து மனிதர். ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. பேனலைத் திறப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டுக்கொள்வார். எந்த வேலை முடித்துவிட்டுப் போய் நின்றாலும் அவருக்கு மூன்று கேள்விகள் உண்டு.

"இன்னா கழட்டின? எங்க வெச்ச? யார்கிட்ட சொன்ன?"

மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் "சரி நைனா, போய் நாஷ்டா பண்ணு" என்பார். இரண்டுக்குத்தான் பதில் இருந்தால் திரும்பப் போகச் சொல்வார். எங்களுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டு, டீக்கடையில் கூட "இன்னா கழட்டின?" என்று கேட்டுச் சிரிப்போம். செருப்பைக் கழற்றினேன் என்பான் ஒருவன். அப்படிச் சிரித்தவர்களில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் சாலமன்.

சாலமன்தான் அந்தக் கிரேனின் ஆபரேட்டர். எளாவூர் அவன் ஊர். அவன் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவன் வீட்டில் முதல்முதலாகக் கம்பெனிச் சட்டை போட்டவன் அவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. "இன்னாபா குணா" என்று கிரேன் கேபினிலிருந்து அவன் கூப்பிட்டால் ஷெட் முழுக்கக் கேட்கும். கையோ அவ்வளவு பதவிசு. கீழே நின்று சுமையை மாட்டும் முனிரத்னத்துக்கும் அவனுக்கும் வாய்ப்பேச்சே தேவையில்லை. முனிரத்னம் இரண்டு விரலை அசைத்தால் சாலமனுக்குப் புரியும். மதியச் சாப்பாட்டில் இரண்டு பேரும் ஒருத்தன் டப்பாவிலிருந்து மற்றவன் எடுத்துத் தின்பான்.

பதினெட்டு வருஷம் முந்தி நடந்தது இது.

ஒரு நாள் காலையில் கடைசிக் கான்டாக்டர் தகராறு பண்ணியது. முனைகள் கருகி, மூடினால் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது. அது ஒட்டியபடியே நின்றால் அடுத்த முறை கிளம்பும்போது மோட்டார் எடுத்த எடுப்பில் எகிறி, பிரேக்கர் விழுந்து கரண்ட் போய்விடும். புது முனைகள் பாரிமுனையிலிருந்து வர வேண்டும், மறுநாள் ஆகும். அன்றைக்கோ பெரிய வார்ப்பு, புரொடக்‌ஷன் ஆட்கள் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நாயுடு சார் அன்று காலை மின்வாரிய ஆபீசுக்குப் போயிருந்தார். நான் அந்தக் கான்டாக்டரை இழுத்து மூடும் காயிலுக்குப் போகிற ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஓரமாக மடக்கி விட்டேன். இனிமேல் அது மூடவே மூடாது. லீவரை ஐந்து வரை தள்ளினாலும் நாலாவது நாட்ச்சில்தான் ஓடும். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மெதுவாக. தூக்கும்போது. அந்த ஒரு திசையை மட்டும்தான் நினைத்தேன். மேலே போவதையே நினைத்து வேலை செய்தவனுக்குச் சுமை கீழேயும் வரும் என்பது அந்தக் கணத்தில் தோன்றவில்லை. நாயுடு சார் பத்துத் தடவை சொன்ன பாடம்தான், நானே மற்றவர்களுக்கு ஒப்பித்த பாடம்தான். ஆனாலும் மறந்தேன்.

சாலமன் அப்போது கேபினில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கினேன். கீழே ஃபர்னஸ் பக்கம் வேறொரு பேஜாரு. என்னைக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். என்ன கழற்றினேன், தெரியும். எங்கே வைத்தேன், தெரியும். யாரிடம் சொன்னேன்? யாரிடமும் இல்லை.

பதினொரு மணி வாக்கில் சத்தம் கேட்டது. மணல் நிரப்பிய மேல் மோல்டுப் பெட்டியைக் கீழ்ப்பெட்டி மேல் மூடும் வேலை. கிரேன் தாங்கும் எடைக்கு ஒட்டிய சுமை. சாலமன் வழக்கம்போல ஐந்துக்குத் தள்ளி இறக்கியிருக்கிறான். வழக்கமான இடத்தில் லீவரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். பெட்டி வழக்கமான வேகத்தில் வரவில்லை. அந்த வேகத்தைப் பிரேக்கால் அங்கே பிடிக்க முடியவில்லை. இரண்டு முழம் தாண்டித்தான் நின்றது. அந்த இரண்டு முழத்துக்குள் முனிரத்னம் குனிந்து, இரண்டு பெட்டியையும் பொருத்தும் பின்னை நேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாலமன் பெட்டியை மேலே எடுத்ததும் எல்லோரும் முனிரத்னத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாலமன் ஏணியில் பாதி இறங்கி, அங்கிருந்து குதித்து, அவனும் பின்னாலேயே ஓடினான். ஷெட் காலியானது. பெட்டி ஓடி வந்தது என்று கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஏணி ஏறினேன். கருகிய முனைகளை அரத்தால் ராவினேன். டேப்பைப் பிரித்து ஒயரை மாட்டினேன். கையால் அழுத்திப் பார்த்தேன், மூடித் திறந்தது. காலையிலேயே செய்திருக்கலாம் இதை. புது முனைக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை.

முனிரத்னம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

மறுநாள் கம்பெனியில் விசாரணை. மேனேஜர், நாயுடு சார், நான், இன்னும் இரண்டு பேர். சாலமன் ஓரமாக நின்றான். கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்.

"சார், நான் அஞ்சு வரைக்கும் தள்ளினேன் சார். சத்தியமா தள்ளினேன். அது கேக்கல சார்."

அதே பெட்டியைத் தூக்கிப் பரிசோதித்தார்கள். வேறு ஆபரேட்டர் ஐந்தாவது நாட்ச்சில் இறக்கினான். பெட்டி ஒழுங்காக இறங்கி, சொன்ன இடத்தில் நின்றது. ஒன்றாவது நாட்ச்சில் இறக்கினான். ஓடி வந்தது, தாண்டி நின்றது. மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டார்.

"அவ்ளோதான்யா. இவன் ஒண்ணுல வெச்சுட்டு வேடிக்கை பாத்துக்கினு இருந்திருக்கான். மோட்டாரு பொய் சொல்லுமா?"

சாலமன் என்னைப் பார்த்தான். எலக்ட்ரிகல்காரன் ஏதாவது சொல்வான் என்று பார்த்திருப்பான். நான் மேலே கிரேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு லேட்டாகத்தான் கல்யாணம், அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, மனைவி மாசமாக இருந்தாள். வேலை போகும், போலீஸ் வரும் என்று பயம். இதெல்லாம் காரணம்; நியாயம் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் என் கண் முன்னாலேயே அப்படிப் பிரிந்து போனதைப் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு நாயுடு சார் என்னை மட்டும் கிரேன் மேலே கூட்டிப்போனார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டார். பேனலைத் திறந்தார். கடைசிக் கான்டாக்டருக்குக் கீழே, பேனலின் தரையில், நான் ராவிய செம்புத் தூள் மினுமினுவென்று கிடந்தது. அதை நான் துடைக்கவில்லை. தோன்றவே இல்லை.

"இன்னா கழட்டின?"

"ஒண்ணும் கழட்டல சார்."

அவர் கைக்குட்டையை எடுத்து அந்தத் தூளை மெதுவாக, ஒரு பொட்டு விடாமல் வழித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பேனலைச் சாத்தினார். என்னைக் காப்பாற்றினாரா, டிபார்ட்மென்ட்டைக் காப்பாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் அங்கே வேலை பார்த்தார். அந்த மூன்று கேள்வியை என்னிடம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் கேட்பார். நான் போய் நின்றால் "சரி, போ" என்பார். நைனா என்றுகூடச் சொல்லமாட்டார். நெல்லூருக்குப் போய் அங்கேயே காலமானார்.

சாலமனை வேலையை விட்டு நீக்கவில்லை. கிரேனிலிருந்து இறக்கி யார்டில் மணல் அள்ளப் போட்டார்கள். பதினாறு வருஷம் மணல் அள்ளினான். நான் ஃபோர்மேன் ஆனேன். "இன்னாபா குணா" என்றவன் "வணக்கம் சார்" என்றான். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

கேபினில் ஒரு போர்டு எழுதி மாட்டச் சொன்னார் மேனேஜர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். "சுமையை இறக்கும்போது லீவரைக் கடைசி நாட்ச் வரை தள்ளவும்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று அதன்மேல் போர்டும் எழுதி மாட்டியவன் நான்.

போன மாதம் அந்தப் போர்டு அங்கேயே இருந்தது. இஸ்மாயில் அதைக் கழற்றச் சொன்னார். டிரைவ் வந்தபிறகு இது எதற்கு, எந்தப் படியிலும் சுமை கேட்டபடி நிற்கும் என்றார். கழற்றிக்கொண்டே கேட்டார்:

"இங்க ஆபரேட்டருங்க ஒருத்தன ஒருத்தன் 'சாலமன் மாதிரி வுடாதடா'ன்றாங்க சார். யார் சார் அந்த சாலமன்?"

இப்போது அங்கே இருக்கிற பையன்கள் யாரும் சாலமனைக் கிரேனில் பார்த்ததே இல்லை. அவன் பெயர் ஒரு தப்புக்குப் பெயராக நின்றுவிட்டது. மீதி ஒயர்களை அடையாளம் காட்டிவிட்டு, சாப்பிடச் சொன்னதையும் கேட்காமல், நேராக எளாவூர் பஸ் ஏறினேன்.

செக் போஸ்ட்டைத் தாண்டி லாரி எடை மேடைக்குப் பின்னால் சாலமன் வீடு. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மணல் தூசி நெஞ்சில் இறங்கி, பேசும்போது இழுக்கிறது. "வணக்கம் சார்" என்று எழுந்தான். உட்காரச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், டேப், அரம், நாயுடு சாரின் கைக்குட்டை. ஒன்றையும் விடவில்லை.

அவன் வலது கையைக் காற்றில் நீட்டி, லீவரைப் பிடிப்பது போல விரலை மடக்கி, மெதுவாக முன்னால் தள்ளினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அஞ்சு. போச்சில்ல குணா?"

"போச்சுபா. அஞ்சு வரைக்கும் தள்ளின."

"எனக்கே நடுவுல சந்தேகம் வந்துடுச்சி. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாலுல வுட்டுட்டமோ, ரெண்டுல வுட்டுட்டமோன்னு. குந்திக்கினு தள்ளித் தள்ளிப் பாப்பேன். பொஞ்சாதி பைத்தியமான்னு கேப்பா." கையை இறக்கினான். அப்புறம்தான் கோபம் வந்தது. கத்தக்கூட அவனுக்கு மூச்சு இல்லை. "இத்த இன்னாத்துக்கு என்கிட்ட வந்து சொல்ற? நான் தள்ளினது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்களாண்ட போய் சொல்லு. சரசுகிட்ட போய் சொல்லு."

சரசு முனிரத்னத்தின் மனைவி. அவன் போனபிறகு மணவாள நகரில் அக்கா வீட்டோடு போய்விட்டாள். மறுநாள் காலையில் அங்கே போனேன். இப்போது அக்காவும் இல்லை, தனியாக இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாட்ச் என்றால் என்ன தெரியும்? கிரேனில் ஒரு ஒயரை நான் கழற்றி வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் பெட்டி ஓடி வந்தது, சாலமன் சரியாகத்தான் செய்தான் என்று சொன்னேன். திட்டுவாள், முறத்தைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பதினாறாம் நாளு அந்தண்ணன் வந்தாரு. 'நான் தள்ளினேன் சரசு, தள்ளினேன் சரசு'ன்னு வாசல்ல நின்னு அழுதாரு. போடா கொலகாரான்னு சொல்லி மூஞ்சி மேல கதவ சாத்தினேன். அப்பால வருசா வருசம் எங்கூட்டுக்காரரு தெவசத்துக்கு வருவாரு. வருசா வருசம் சாத்தினேன்." என்னைப் பார்த்தாள். "அதுக்கு இன்னா சொல்ற நீ?"



பதிலுக்கு நிற்காமல் அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு ஒரு பையோடு வந்தாள். எளாவூருக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். செங்குன்றம் போய், அங்கே பஸ் மாறி, சோழவரம் கும்மிடிப்பூண்டி தாண்டி செக் போஸ்ட்டில் இறங்க வேண்டும், எடை மேடைக்குப் பின்னால் வீடு என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வர வேணாம்."

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டைப் போட்டாள். அவன் வீட்டை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று மட்டும் கேட்டாள். நேற்று நான் பார்த்ததைச் சொன்னேன். வாசலில் கட்டில் கிடக்கும், கதவு திறந்திருக்கும் என்றேன். அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.